ஒரு பேருக்குத்தான் இடம்

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. இங்க நான் நல்லா இருக்கேன், வலது முழங்கால் மட்டும் அதுக்குத் தோணினபடி இருக்கு. அங்க நீயும் மருமகளும் அவ வயித்துல இருக்கற குட்டியும் எந்தக் குறையும் இல்லாம இருக்கணும்னு காலையில கண்ணைத் திறக்கறப்பவே நினைச்சுக்கறேன். ஞாயித்துக்கிழமைதானே போன்ல அவ்வளவு நேரம் பேசினோம், இப்ப எதுக்கு அம்மா காகிதத்துல எழுதறான்னு நீ யோசிப்பே. போன்ல சொல்ல முடியாத விஷயம் ஒண்ணு இருக்குடா. சொல்ல ஆரம்பிச்சா நீ நடுவுல சரிம்மான்னு சொல்லிடுவே. உன்னோட அந்தச் சரிம்மாவை எனக்கு நல்லாத் தெரியும், சத்தம் வராம கதவைச் சாத்தற மாதிரி இருக்கும், அதுக்கப்புறம் எனக்கு வாய் எழும்பாது. மூணு ஞாயிறா வானிலை, வயிறு, வாந்தின்னு பேசிட்டு வச்சுட்டேன். இன்னைக்கு லீவு, உக்காந்து எழுதறேன். கடைசிப் பக்கம் வரைக்கும் உன்னை இழுத்தடிக்க எனக்கு மனசு வரல, அதனால முதல்லயே சொல்லிடறேன். வர்ற மாசம் அங்க வந்து ஆறு மாசம் கூட இருந்து குழந்தையைப் பார்த்துக்கறேன்னு சொன்னேன் இல்லையா, அது நடக்காது. ஏன் நடக்காதுங்கறதை முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கோபப்படு.

உத்தரவு வந்த கதை உனக்குப் பாதி தெரியும். நாலு வருஷமா வீட்டுலேர்ந்து வேலை பார்த்த எங்களையெல்லாம் இனிமே வாரம் அஞ்சு நாளும் ஆபீசுக்கு வரச்சொல்லி ஒரு மெயில் வந்துச்சு. அதுக்கு மேல நாலு பேர் ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கைபோட்டுச் சிரிக்கற படம், அந்த நாலு பேருல ஒருத்தரைக்கூட எங்க கம்பெனியில யாரும் பார்த்தது இல்ல. மறுபடியும் ஒண்ணா இருப்போம்னு தலைப்பு. கீழ சின்ன எழுத்துல, வாசல்ல கார்டைக் காட்டி உள்ள போனாத்தான் வந்ததா அர்த்தம், ஒரு மாசத்துல ரெண்டு நாள் குறைஞ்சா விளக்கம் எழுதணும், மூணு மாசம் தொடர்ந்து குறைஞ்சா நீங்களாவே வேலையை விட்டதா எடுத்துக்குவோம்னு இருந்துச்சு. அன்னைக்கு உன்கிட்டச் சொன்னப்ப நீ என்ன சொன்னே ஞாபகம் இருக்கா. நல்லதுதாம்மா, அப்பா போனப்புறம் நீ அந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடக்கறே, நாலு மனுஷங்க முகத்தைப் பார்த்தா தெளிவா இருப்பேன்னு சொன்னே. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் அதையேதான் சொன்னாங்க. உண்மையச் சொன்னா எனக்கும் உள்ளூர ஒரு ஆசை இருந்துச்சு. பீரோவுல மடிச்சபடியே நாலு வருஷமாத் தூங்கிட்டிருந்த நல்ல துணியெல்லாம் எடுத்துத் தேய்ச்சு வச்சேன், புதுச் செருப்பு வாங்கினேன், முதல் நாள் காலையில கண்ணாடி முன்னாடி ரெண்டு தடவை நின்னேன். பொண்ணு பார்க்க வர்றாங்களா என்னன்னு தையல்காரம்மா படியில நின்னு கேலி பண்ணினாங்க.

போக ரெண்டு பஸ், ஒரு மணி நாப்பது நிமிஷம். அதை விடு, பஸ்ல ஜன்னலோரம் கெடைச்சா எனக்கு அது பிடிச்சுத்தான் இருக்கு. ஆனா போய்ச் சேர்ந்த இடம் நான் விட்டுட்டு வந்த இடமே இல்லடா. இருபத்தேழு வருஷம் நான் உக்காந்த மேஜை இல்ல, உன் பள்ளிக்கூடப் படத்தை ஒட்டி வச்சிருந்த தடுப்பும் இல்ல. இப்ப யாருக்கும் சொந்தமா இடம் கெடையாது. முந்தின நாளே போன்ல நாற்காலியை எடுத்து வச்சுக்கணும், இன்னைக்கு ரெண்டாவது மாடி, நாளைக்கு நாலாவது மாடி. சாயங்காலம் கெளம்பறப்ப நம்ம சாமானையெல்லாம் ஒரு செருப்பு டப்பா அளவு பெட்டியில போட்டுப் பூட்டிட்டுப் போயிடணும். எங்க பிரிவுல ஏழு பேர் இருக்கோம்னு உனக்குத் தெரியும். கப்பல்லயும் லாரியிலயும் போற சரக்கு உடைஞ்சாலோ நனைஞ்சாலோ இன்சூரன்ஸ் கேட்டு வர்ற மனுவைப் படிச்சு, படத்தைப் பார்த்து, பதில் எழுதற பிரிவு. அந்த ஏழுல இந்தக் கட்டடத்துல இருக்கறது ரெண்டே பேர், நானும் உடைஞ்ச பெட்டிப் படங்களைச் சோதிக்கற எங்க போட்டோக்காரரும், அவருக்குப் பெரும்பாலும் வேற மாடியிலதான் இடம் கெடைக்கும். மிச்சப் பேர் வேற வேற ஊர்ல. அதனால நான் ரெண்டு பஸ் ஏறிப் போய், கார்டைக் காட்டி, காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வீட்டுல உக்காந்து யார்கூடப் பேசினேனோ அதே ஆளுங்ககூட அதே வேலையைப் பேசிட்டுத் திரும்பி வரேன். பக்கத்து நாற்காலியில ஒரு பையன் வேற ஏதோ பிரிவு, ஒன்பது நாள் என் தோளை ஒட்டி உக்காந்தான், என்ன வேலைன்னே தெரியாது. பத்தாவது நாள் திரும்பினான், ஏதோ பேசப்போறான்னு ஹெட்போனைக் கழட்டினேன், சார்ஜர் இருக்கான்னு கேட்டான்.

சிரிக்கறதா அழறதான்னு தெரியாத விஷயம் இன்னொண்ணு. நாலாவது மாடியில ஆள் அசைஞ்சாத்தான் விளக்கு எரியும். அஞ்சு மணிக்கு மேல எல்லாரும் கெளம்பிடுவாங்க, எனக்கு ஆறரைக்குத்தான் பஸ். நான் ஃபைல் படிக்கறப்ப எப்படி உக்காந்திருப்பேன்னு உனக்குத் தெரியுமே, கல்லு மாதிரி. பத்து நிமிஷம் அப்படி இருந்தா இந்த மாடியில யாரும் இல்லன்னு முடிவு பண்ணி விளக்கெல்லாம் பட்டுப்பட்டுன்னு அணைஞ்சுடும். நான் கையைத் தூக்கி ஆட்டணும். யாருக்கோ டாட்டா சொல்ற மாதிரி ஆட்டினா மறுபடி எரியும். ஒரு நாள்ல நாலு தடவை ஆட்டறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கேன்டீன் போனா ஜனம் நெறைய இருக்கு, இடம் கேட்டா நகர்ந்து குடுக்கறாங்க, மரியாதையாத்தான் இருக்காங்க, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. நகர்ந்து குடுத்துட்டு அவங்க பேச்சைத் தொடர்றாங்க, நான் என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுட்டு எழுந்து வரேன். தனியா வீட்டுல சாப்பிட்டப்ப நான் இப்படிச் சோத்தைப் பாதி மிச்சம் வச்சது இல்லடா. வீட்டுல தனியா இருந்தா அது என் வீடு. இங்க இத்தனை பேர் நடுவுல இருக்கறப்பத்தான் உங்க அப்பா இல்லாதது எனக்கு எதிர்ல வந்து உக்காருது. வீட்டுக்கு வந்தா வீடும் முறைச்சுக்கிட்டிருக்கு. பகல்ல தண்ணி ஊத்த ஆள் இல்லாம மாடிச் செடியில பாதி போயிடுச்சு. கேஸ்காரர் வந்து மணி அடிச்சுட்டுத் திரும்பிப் போறார். கீழ தையல்காரம்மா மெஷின் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே வேலை பார்த்தவ நான், அவங்க மெஷினை நிறுத்தினா மணி ஒண்ணுன்னு தெரிஞ்சுக்குவேன். இப்ப நான் வர்றப்ப அவங்க மெஷினை மூடி வச்சுட்டு உள்ள போயிடறாங்க. சாவியை வாங்கற சாக்குல ரெண்டு வார்த்தை பேசறதுதான் அன்னைக்கு நான் வாயால மனுஷங்ககிட்டப் பேசற பேச்சு.

இப்ப கமாவைப் பத்திச் சொல்லணும். அவளைப் பத்தி நான் உன்கிட்ட அப்பப்பச் சொல்லியிருக்கேன், நீ காதுல வாங்கினியோ என்னவோ. எங்க பிரிவுல கடிதம் எழுதறவ. நான் எழுதி அனுப்பற எதுலயும் நிறுத்தக்குறி இருக்காது, இந்தக் கடிதத்துல இருக்கறதெல்லாம் அவளைப் பார்த்துப் பழகி இன்னைக்கு உக்காந்து போட்டது, அவ எடுத்து ஒவ்வொண்ணுலயும் கமா போட்டுக்கிட்டே இருப்பா, அதனால அந்தப் பேரு. நாப்பத்திரண்டு வயசு இருக்கும். பத்து மணி நேரம் ரயில்ல போகணும் அவ ஊருக்கு. அங்க இருந்த எங்க கிளையை ரெண்டு வருஷம் முன்னாடி மூடிட்டாங்க, திரும்பிப் போக அவளுக்கு அந்த ஊர்ல ஆபீசே கெடையாது. நாங்க நேர்ல பார்த்ததே இல்லடா. தோள் வரைக்கும்தான் எனக்கு அவளைத் தெரியும், அவ உயரமா குள்ளமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா உங்க அப்பா போன பிறகு ஒரு மாசம் என் ஃபைல் அத்தனையும் அவதான் பார்த்தா, யார்கிட்டயும் மூச்சு விடல, எல்லாத்துலயும் என் பேரைப் போட்டு அனுப்பியிருக்கா. நான் வேலைக்குத் திரும்பின அன்னைக்குக் காலையில கூப்பிட்டு, அக்கா, போனை வைக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்னு சொன்னா. பேசறதுக்குன்னு இல்ல. லைனைத் திறந்து வச்சுட்டு அவ அவ வேலையைப் பார்ப்பா, நான் என் வேலையைப் பார்ப்பேன். அவ வீட்டுல பாத்திரம் விழுந்தா எனக்குக் கேக்கும், எனக்கு இருமல் வந்தா தண்ணி குடிங்கக்கான்னு அங்கேர்ந்து குரல் வரும். ரெண்டு வருஷம் பகல் பூரா அப்படித்தான் போச்சு. நான் அந்த ரூமுக்குள்ள அடைஞ்சு கெடக்கல கண்ணு. எனக்கு அங்க துணை இருந்துச்சு, உனக்குத்தான் தெரியல, நானும் விளக்கிச் சொல்லல. ஆபீஸ்ல அப்படித் திறந்து வைக்க முடியாது, பக்கத்துல இருக்கறவங்க பேச்சு வெளிய போகக்கூடாதாம், பேசி முடிச்சதும் வச்சுடணும்.

அவளுக்குப் பதினஞ்சு வயசுல ஒரு பொண்ணு. பொறந்ததுலேர்ந்து வலிப்பு. வாரத்துல ரெண்டு தடவையும் வரும், ஒரே நாள்ல மூணு தடவையும் வரும். வந்தா பக்கத்துல ஒரு ஆள் இருந்து ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருந்து, அஞ்சு நிமிஷம் தாண்டினா கன்னத்துக்குள்ள மருந்து விடணும். புருஷன் பஸ் டிரைவர், போனா மூணு நாள் கழிச்சுத்தான் வருவார். அவளுக்கும் அதே மெயில் வந்துச்சு, அதே நாலு பேர் சிரிக்கற படத்தோட. எங்க ஊர் ஆபீசுக்கு அவ குடி மாறி வரணும், இல்லன்னா விட்டுடணும். அவ என்கிட்டச் சொன்னா, திரும்பி வாங்கன்னு எழுதியிருக்காங்கக்கா, நான் அந்தக் கட்டடத்தோட வாசலைக்கூடப் பார்த்தது இல்ல, பார்க்காத இடத்துக்கு எப்படித் திரும்பி வர்றதுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அடுத்த வாரம் ராஜினாமாக் கடிதத்தை எழுதி, நல்லா இருக்கா பாருங்கக்கான்னு எனக்கு அனுப்பி வச்சா. ஒரு கமாகூட இல்ல அதுல. நான் அதை இன்னும் மேல அனுப்பாதே, பொறுன்னு சொல்லி வச்சேன்.

ஏன் பொறுன்னு சொன்னேன்னா, எங்க மேலாளர் என்னைக் கூப்பிட்டிருந்தார். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல மாதிரி. கண்ணாடி அறைக்குள்ள உக்கார வச்சு, மேடம், ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு ஆளுக்கு விலக்கு குடுக்கலாம்னு மேல சொல்லியிருக்காங்க, அவங்க எங்க இருந்து வேணாலும் வேலை பார்க்கலாம், பிரிவுத் தலைவர்ங்கற முறையில பேரை நீங்கதான் எழுதித் தரணும்னு சொன்னார். சொல்லிட்டு, குரலைத் தணிச்சு, உங்க மருமகளுக்கு ரெண்டு மாசத்துல பிரசவம்னு சொன்னீங்களே, நீங்க உங்க பேரையே எழுதினாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் கையெழுத்துப் போடறேன்னு சொன்னார். அவர் வேணும்னே ஆசை காட்டினதா நான் நினைக்கல, என் மேல உள்ள அக்கறையிலதான் சொன்னார். மேல ஏன் இப்படிப் பண்றாங்கன்னு கேட்டேன். எனக்கு மேல ஒருத்தர், அவருக்கு மேல ஒருத்தர், அவருக்கும் இதே மெயில்தான் வந்திருக்கு மேடம்னு சொன்னார். காலையில அவர் கெளம்பறப்ப அவர் குழந்தைங்க தூங்கிட்டு இருக்காம். அதைச் சொல்லிட்டு மேஜையைத் துடைக்க ஆரம்பிச்சுட்டார், அது சுத்தமாத்தான் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து நான் முதல்ல எழுதினது என் பேரைத்தான். இதை உன்கிட்ட மறைக்க விரும்பல. கை தயங்கவே இல்ல. போன வருஷம் நான் அங்க வந்து மூணு மாசம் இருந்தப்ப, உன் சமையலறை மேஜையில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு வேலை பார்த்தேனே, மருமக எதிர்ல உக்காந்து காய் நறுக்கிக்கிட்டே, அத்தை, குழந்தை பொறக்கறப்பவும் நீங்க இதே இடத்துல இருக்கணும், வந்துடுவீங்கல்லன்னு கேட்டா. அப்ப அவளுக்கு நாள்கூடத் தள்ளிப்போகல. அவளுக்குப் பெத்தவ இல்ல. கேட்டுட்டுத் தலையைத் தூக்காம நறுக்கிக்கிட்டே இருந்தா, நான் வந்துடறேன்னு சொன்னேன். அந்த வார்த்தை என் காதுலயே நின்னுச்சு. உன் கம்பெனியும் உன்னை அடுத்த மாசத்துலேர்ந்து தினமும் வரச்சொல்லிட்டாங்கன்னு நீ சொன்ன அன்னையிலேர்ந்து, காலையில எட்டுலேர்ந்து ராத்திரி எட்டு வரைக்கும் அவ கைக்குழந்தையோட தனியா இருக்கற வீடு என் கண்ணு முன்னாடி வந்துக்கிட்டே இருந்துச்சு. அதனால என் பேரை எழுதி, காரணம்ங்கற இடத்துல குடும்பத்தில் பிரசவம்னு எழுதி, அனுப்பாம வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் குடுத்திருந்தாங்க.

புதன்கிழமை எங்க பிரிவு மீட்டிங். ஏதோ நனைஞ்ச காகிதச் சுருள் விஷயம், கமா கடிதத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தா, மூணாவது பத்தியில நின்னுட்டா. நாற்காலி விழற சத்தம் கேட்டுச்சு. மைக்கை மூட நேரம் இல்ல அவளுக்கு. அம்மா இங்கதான் இருக்கேன், அம்மா இங்கதான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்தா, அவசரமே இல்லாத குரல்ல, நடுவுல ரெண்டு நிமிஷம் ஆச்சு, மூணு நிமிஷம் ஆச்சுன்னு தனக்குத் தானே எண்ணிக்கிட்டா. நான் நாலாவது மாடியில ஜனத்துக்கு நடுவுல கையால வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், யாரும் திரும்பிப் பார்க்கல, அவங்கவங்க காதுல அவங்கவங்க ஹெட்போன். நாலரை நிமிஷத்துல அடங்கிடுச்சாம். பொண்ணைத் துடைச்சுத் தூங்க வச்சுட்டு இருபது நிமிஷம் கழிச்சு வந்தா. மன்னிச்சுக்கங்க, மூணாவது பத்தின்னு சொல்லிட்டு விட்ட இடத்துலேர்ந்து படிச்சா. அவ பொண்ணைப் பத்தி எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும்டா. தெரிஞ்சு வச்சிருக்கறது வேற, காதால கேக்கறது வேற. திறந்த லைன்ல வேற எத்தனையோ கேட்டிருக்கேன், இந்த மாதிரி நேரத்துல மட்டும் அவ எப்பவும் சத்தத்தை மூடிடுவா, எனக்கு வெறும் அமைதிதான் கேக்கும், ஏதோ வேலையா எழுந்து போயிருக்கான்னு நினைச்சிருக்கேன். எத்தனை அமைதி அப்படி வந்து போயிருக்கும்னு அன்னைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். அன்னைக்குச் சாயங்காலம் நீங்க இரக்கப்படணும்னு மைக்கைத் திறந்து வைக்கலக்கா, தப்பா எடுத்துக்காதீங்கன்னு அவ ஒரு செய்தி அனுப்பினா. விலக்கு ஒண்ணு இருக்குங்கற விஷயமே அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து என் பேரை அழிச்சுட்டு அவ பேரை எழுதினேன்.

நான் பெரிய தராசு பிடிச்சு நிறுத்துப் பார்த்துட்டேன்னு சொல்லல. மருமகளுக்கு நீ இருக்கே, கூப்பிடு தூரத்துல ஆஸ்பத்திரி இருக்கு, அந்தப் பொண்ணுக்கு அவ அம்மாவைத் தவிர ஒரு ஆள் இல்லன்னு சமாதானம் சொல்லிக்கறேன், ஆனா அது சமாதானம்தான். யாரோ ஒருத்திக்காக எங்களை விட்டுட்டியேன்னு நீ கேட்டா, அவ யாரோ ஒருத்தி இல்லங்கறதை மட்டும்தான் என்னால சொல்ல முடியும். வியாழக்கிழமை பேரைக் குடுத்தப்ப மேலாளர், நிச்சயமா மேடம், அப்புறம் மாத்த முடியாதுன்னு ரெண்டு தடவை கேட்டார். நிச்சயம்னு சொன்னேன். இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும், அவளுக்குத் தெரியவேண்டாம்னு கேட்டுக்கிட்டேன், தலையாட்டினார். போன வாரம் அவளுக்கு ஆறு மாசத்துக்கு விலக்கு வந்துடுச்சு. எல்லாருக்கும் குடுக்கறாங்களாக்கா, உங்களுக்கும் வந்துடுச்சா, நீங்க பேரக்குழந்தையைப் பார்க்கப் போகலாமான்னு சந்தோஷமாக் கேட்டா. என்னுதுக்கு நேரம் ஆகும்னு சொன்னேன். பொய் சொல்லி முடிச்சுட்டு நாற்காலியிலேர்ந்து எழுந்து தண்ணி குடிக்கற இடம் வரைக்கும் நடந்துட்டு வந்தேன். இதையெல்லாம் உன் ஒருத்தன்கிட்டத்தான் சொல்றேன்.

வேலையை விட்டுட்டு வந்துடு அம்மான்னு நீ சொல்லுவே, போன வருஷமே சொன்னே. பத்தொன்பது மாசம்தான் இருக்கு ஓய்வுக்கு. அதை நான் சம்பளத்துக்காகச் சொல்லல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அந்த விலக்கைப் புதுப்பிக்கணும், பிரிவுத் தலைவர் எழுதிக் குடுத்தாத்தான் புதுப்பிப்பாங்க. என் நாற்காலியில வேற யாராவது வந்து உக்காந்தா அவங்களுக்கும் ஒரு வீடு இருக்கும், ஒரு மருமக இருப்பா, அவங்க அவங்க பேரை எழுதுவாங்க, எழுதினா தப்பும் இல்ல. இன்னொண்ணும் இருக்கு. விட்டுட்டு வந்து உங்ககூட ஆறு மாசம் இருந்துட்டு, அப்புறம் நான் இந்த வீட்டுக்குத் திரும்பணும். அப்ப காலையில எழுந்து என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலடா. நிரந்தரமா அங்கயே இருந்துடுன்னு நீ சொல்லுவே, நீ மனசாரத்தான் சொல்லுவே. ஆனா உன் வீட்டுல ஒரு மூலையில எப்பவும் இருக்கற ஆளா ஆகறதுக்கு நான் இன்னும் தயாராகல. இதைத் தப்பா எடுத்துக்காதே.

உன் விஷயத்துக்கு வரேன். உன் கம்பெனி உன்னைக் கூப்பிட்டப்ப நீ ஒண்ணும் கேக்கலன்னு மருமக சொன்னா. எல்லாரும் போறாங்க, நான் மட்டும் எப்படிக் கேக்கறதுன்னு சொன்னியாம். நீ பொறந்தப்ப உங்க அப்பா குடோன்ல சரக்கு எண்ணிக்கிட்டு இருந்தார். லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க, அவர் கேக்கல, அன்னைக்குச் சரக்கு வர்ற நாள், எப்படிக் கேக்கறதுன்னு இருந்துட்டார். மூணாவது நாள் வந்து உன்னைப் பார்த்தார். அதுக்கப்புறம் முப்பது வருஷம், யார் வீட்டுலயாவது குழந்தை பொறந்ததுன்னு செய்தி வந்தா உடனே எழுந்து வெளிய போயிடுவார், கவனிச்சிருக்கியா. என்கிட்ட ஒரு தடவைதான் அதைப் பத்திப் பேசினார், ஆஸ்பத்திரியில, கடைசி வாரத்துல. முதல் ரெண்டு நாள் அவன் எப்படி இருந்தான்னு கேட்டார். நான் சொன்னேன், கையை மூடியே வச்சிருந்தான், யாரு விரலைக் குடுத்தாலும் பிடிச்சுக்கிட்டான்னு. மறுபடி சொல்லுன்னு கேட்டார். அதனால நீ போய்க் கேளு, லீவோ கொஞ்ச நாள் வீட்டுலேர்ந்து வேலையோ. வாயால கேக்காதே, எழுதிக் கேளு, தேதி போட்டு. முடியாதுன்னா அதையும் எழுத்துல தரச்சொல்லு. நான் முப்பத்தோரு வருஷமா மனுக்களைப் படிக்கறவ சொல்றேன், எழுதாத மனுவை யாரும் படிக்க மாட்டாங்க.

எனக்கு இருபத்தோரு நாள் லீவு சேர்ந்திருக்கு, மொத்தமா எடுத்துக்கலாம்னு மேலாளர் எழுதியே குடுத்துட்டார். அதுக்கு மேல அவரால முடியல, தேடிப் பார்த்தேன் மேடம்னு சொன்னார், நம்பறேன். அந்த மூணு வாரத்துக்கு நான் வருவேன், அதுல மாத்தம் இல்ல. எந்த மூணு வாரம்ங்கறதை நீ முடிவு பண்ணாதே, அதைக் கீழ அவளுக்குத் தனியா எழுதியிருக்கேன், அந்தத் துண்டைக் கிழிச்சு அவ கையில குடு. டாக்டர் சொன்ன இரும்பு மாத்திரையை மறக்காம அவளுக்கு எடுத்துக் குடு, ஆபீசுக்குப் போற அவசரத்துல நீயும் சாப்பிடாம ஓடாதே, பஸ்ல நின்னுக்கிட்டே போனைப் பார்க்காதே. எந்தக் கட்டடத்துல உக்காந்து வேலை பார்த்தாலும் சாயங்காலம் உன்னைத் தேடற ஒரு வீடு உனக்கு இருக்கணும், உங்க மூணு பேருக்கும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராம இருக்கணும். இதைப் படிச்சுட்டு உடனே போன் பண்ணாதே. ரெண்டு நாள் போகட்டும். கோபமா இருந்தா கோபமாவே பேசு, சரிம்மா மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா

என் மருமகளுக்கு,

நீ காய் நறுக்கிக்கிட்டே கேட்டப்ப நான் யோசிக்காம வந்துடறேன்னு சொன்னேன். மனசுல இருந்துதான் சொன்னேன், ஆனா சொன்னபடி செய்யல. காரணத்தை அவன் சொல்லுவான், கேட்டுட்டு உனக்கு என்ன தோணுதோ அதையே நினைச்சுக்கோ, எனக்காக மாத்திக்காதே. என்கிட்ட இருபத்தோரு நாள் இருக்கு. வலி வர்றப்ப நான் கையைப் பிடிச்சுக்கணுமா, இல்ல குழந்தை பொறந்தப்புறம் அவன் ஆபீசுக்குத் திரும்பிப் போற முதல் நாள் வாசக்கதவு சாத்தினதுக்கு அப்புறம் நீயும் குழந்தையும் மட்டும் இருப்பீங்களே, அப்ப நான் அங்க இருக்கணுமா. ரெண்டுக்கும் இருக்க என்னால முடியல. நீ சொல்ற தேதிக்கு டிக்கெட் எடுக்கறேன்.

அத்தை